கடைசி பெஞ்ச் வரைக்கும்

என் கணவரின் ஆம்ப்ளிஃபயர் பதினோரு வருஷமாக முடிகிற நிலையில் இருக்கிறது. படுக்கையறை மூலையில், மூடியில்லாத இரும்புப் பெட்டிக்குள், குடலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், இன்னும் ஒரே ஒரு சாமான்தான் வரணும் என்பார். அந்த ஒரே ஒரு சாமான் வந்து சேர்வதற்குள், அதைவிட நல்லது ஒன்று இருப்பதாக எங்கேயோ படித்திருப்பார். வந்தது டப்பாவுக்குள் போய்விடும். எங்கள் சமையலறையில் எந்த டப்பாவையும் நான் குலுக்கிப் பார்க்காமல் திறப்பதில்லை.

பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். காது மட்டும் தனி ரகம். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் உறுமுவது சுவர் வழியாகக் கேட்கிறது என்று முகம் சுளிப்பார். அந்நியக் கட்டடத்து லிஃப்டில் ஏறினால், இறங்குவதற்குள் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கேஸ் தீர்ந்துவிட்டது என்று நான் மூன்று தடவை சொன்னது மட்டும் அந்தக் காதில் விழுந்திருக்காது.

போன கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் எனக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று. கூடவே குரலும் போயிற்று. குரல் நாணை அசைக்கிற நரம்பு சோர்ந்துவிட்டதாம். சிலருக்கு இப்படி ஆவதுண்டு, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மிச்சம் இருந்தது, பாதி காற்றும் பாதி கரகரப்புமாக ஒன்று. போனில் பேசினால் என் சொந்தத் தங்கையே "யாருங்க?" என்றாள்.

நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். ஐம்பத்திரண்டு பிள்ளைகள். பத்தொன்பது வருஷமாக, கரும்பலகையிலிருந்து திரும்பாமலே "கடைசி பெஞ்ச், வாய மூடு!" என்றால் மூடிவிடும். அந்தக் குரல்தான் என் சொத்து.

எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. கறாரானவர். "ஸ்கூல் தொறக்கறதுக்கு முந்தின நாள் வாங்க. நான் கடைசி பெஞ்சுல உக்காந்து கேக்கறேன். கேட்டுச்சுன்னா வகுப்பு உங்களோடதுதான். இல்லேன்னா இந்த வருஷம் லைப்ரரிய பாத்துக்கங்க, என்ன?" என்றார். லைப்ரரி என்றால் இரண்டு பீரோ, ஒரு நாற்காலி. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

மகள், கல்லூரியில் படிப்பவள், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ரெடிமேட் ஸ்பீக்கர் ஒன்றை வரவழைத்தாள். மாட்டிக்கொண்டு "வணக்கம் பிள்ளைகளே" என்றேன். ரயில் தாமதமாக வரும் என்று அறிவிக்கிற மாதிரி இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் முறைத்தேன். உள்ளே இருந்து வந்த என் கணவர் அதை என் இடுப்பிலிருந்து கழற்றி, ஸ்க்ரூவைப் பிரித்து, உள்ளே பார்த்து, செத்துப்போன பல்லியைப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு ஆம்ப்பா? நான் செஞ்சு தரேன்."

"எப்போ? நான் ரிட்டயர் ஆனதுக்கப்புறமா?"

ஸ்பீக்கரைக் கீழே வைத்தார். படுக்கையறை மூலைக்குப் போய் அந்த இரும்புப் பெட்டியின் மேல் ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. அப்போதுதான் மனுஷர் நிஜமாகவே சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பள்ளி திறக்க மூன்று வாரம் இருந்தது.

மைக் வாங்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆள் பேசிப் பார்க்காமல் மைக் வாங்கக் கூடாதாம். மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டுகிற கடை. தரையிலிருந்து கூரை வரை சின்னச் சின்ன இழுப்பறைகள். எதிலும் எழுத்து கிடையாது. கடைக்கார அக்காவுக்கு எது எங்கே என்று கைக்குத் தெரியும். இவர் கேட்ட எட்டுக் கால் ஐசி சிப்பை எடுத்து வைத்தார். இவரோ சட்டைப்பையிலிருந்து பஞ்சையும், மகளின் நகச்சாயம் அழிக்கிற திரவத்தையும் எடுத்து, ஐசியின் முதுகில் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். போலி என்றால் மேலே அச்சடித்த நம்பர் அழிந்துவிடுமாம்.

"இருபது வருஷமா வரீங்க, இன்னும் என் மேல சந்தேகமா?" என்றார் அக்கா.

"உங்க மேல இல்லக்கா. உங்களுக்கு வித்தவன் மேல."

நம்பர் அழியவில்லை. அக்கா வெற்றிப் பார்வை பார்த்தார். பிறகு பட்டாணி அளவு மைக்குகளை ஒவ்வொன்றாகத் தன் சோதனைப் பெட்டியில் மாட்டி, என் வாய்க்கு நேராகப் பிடித்தார். என்ன பேசுவது? கோபத்தில் எனக்குப் பதினேழாம் வாய்ப்பாடுதான் வந்தது. ஒரு பதினேழு பதினேழு, இரு பதினேழு முப்பத்துநாலு. கடைக்கு வந்த இருவர் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஏழாவது மைக்கில் "இது" என்றார். அதில் என் குரல் மற்றதைவிட என்ன உசத்தி என்று எனக்குத் தெரியவில்லை. என் காதுக்கு எல்லாமே உப்புத்தாள் தேய்க்கிற சத்தம்.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்துவிடுவார். மகள் சின்ன வயதில் பள்ளிக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பாதான் பெட்டி. மூடியில் பாதி கிழிந்த முயல் ஸ்டிக்கர். அதில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரைப் பொருத்தினார். செத்த லேப்டாப்பிலிருந்து பேட்டரி வந்தது. ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் புகை என் தலையணை வரைக்கும் வந்தது. ஒரு சாமானை மாற்றுவார், "சொல்லு டீச்சர்" என்பார், நான் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வேன். உதட்டைப் பிதுக்குவார். மறுபடி மாற்றுவார். மைக்கைச் சரிசெய்ய அவர் என் பக்கத்தில் வந்தால் போதும், ஸ்பீக்கர் சத்தம் அவர் மேல் பட்டு மைக்குக்கே திரும்பி, பெட்டி வீல் என்று கத்தும். "கல்யாணமாகி இருபத்திமூணு வருஷம் ஆச்சு, இப்ப போய் நமக்கு ஒரு காவல்காரன்" என்றேன். பக்கத்து அறையிலிருந்து மகள், "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்கப்பா, தலை வலிக்குது!" என்று கத்தினாள்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், துவரம்பருப்பு அளவில் ஆரஞ்சு நிறக் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தார். கரகரப்பை வடிகட்ட அதுதான் சரியான அளவாம். அக்கா கடையில் அது கிடைக்காமல், யாரோ கழித்துப்போட்ட ரேடியோவிலிருந்து பிடுங்கியது. "சொல்லு" என்றார்.

சொன்னேன். டப்பாவுக்குள்ளிருந்து நான் பேசினேன். ஆபரேஷனுக்கு முந்தைய நான். மகள் சாப்பிட்ட கையோடு ஓடி வந்து "அம்மா!" என்று நின்றாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பழைய கேசட்டு எதாவது வச்சிருந்தீங்களா? எப்படி இவ்வளவு சரியா?" என்று கேட்டேன்.

"ரெக்கார்டு எதுக்கு? இத்தனை வருஷமா கேட்டுட்டுதானே இருக்கேன்" என்றார், சூட்டுக்கோலைத் துடைத்தபடி. கேஸ் தீர்ந்தது காதில் விழாத மனுஷர். அன்றைக்கு அவர் மேல் எனக்கு இருந்த பிரியத்தைச் சொல்ல வாய்ப்பாடு எதுவும் போதாது.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் நாங்கள் இருவரும் போனோம். காலி வகுப்பறை, தண்ணீர் விட்டுக் கழுவிய தரை. தலைமையாசிரியையும் என் கணவரும் கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க, உட்கார்ந்தார்கள். நான் டப்பாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னத்தைக் கூட்டுவது எப்படி என்று ஐந்து நிமிஷம் நடத்தினேன். பழைய குரல். எனக்கே கர்வமாக இருந்தது.

தலைமையாசிரியை பெஞ்சிலிருந்து முன்னால் குனிந்தார். "குரல் அழகா இருக்கு டீச்சர். சத்தமும் வருது. ஆனா என்ன சொல்றீங்கன்னு புரியல. போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு."

படுக்கையறையில் நாலு அடி தூரத்தில் தேனாக இருந்தது, முப்பது அடி தாண்டும்போது மழுங்கிப்போயிருந்தது. இவரைப் பார்த்தேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க மேடம்" என்று எழுந்து வந்தார். மேஜையில் டப்பாவைத் திறந்து வைத்து, ஸ்க்ரூடிரைவரோடு பேசுவதுபோல் பேசினார். "தப்பு என்னோடதுதான். அந்தக் கரகரப்புலதான் எழுத்தெல்லாம் இருக்கு. அத வடிகட்டினா பேச்சும் சேந்து போயிடும். எனக்கு இது தெரியாம இல்ல."

"தெரிஞ்சுமா செஞ்சீங்க?" எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "பிள்ளைங்களுக்குக் கேக்கறதுக்கா செஞ்சீங்க, உங்களுக்குக் கேக்கறதுக்கா?"

"எனக்குத்தான்" என்றார். தலை நிமிரவில்லை. "அந்தக் குரல் திரும்ப வராதோன்னு பயமா இருந்துச்சு. ஒரு தடவையாவது கேக்கணும்னு இருந்துச்சு."

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கட்டிங் பிளேயரை எடுத்து, அந்த ஆரஞ்சுப் பருப்பின் இரண்டு கால்களையும் வெட்டினார். டிக், டிக். அவ்வளவுதான். வெட்டியதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுபடி மாட்டிக்கொண்டேன். உப்புத்தாள் குரல், இப்போது அறை முழுக்க. எனக்குக் கூசியது. ஆனாலும் நிறுத்தாமல், பின்னத்தை முதலிலிருந்து நடத்தினேன். பாதியிலேயே தலைமையாசிரியை கையைத் தூக்கினார். "போதும். ஒவ்வொரு எழுத்தும் கேக்குது. இந்தக் குரலுக்குப் பசங்க இன்னும் பயப்படுவாங்க."

என் கணவர் சந்தோஷத்தில் என் பக்கம் வந்தார். டப்பா வீல் என்று கத்தியது.

"சார், தள்ளியே நில்லுங்க" என்று சிரித்துக்கொண்டே, கால அட்டவணையில் ஏழாம் வகுப்புக்கு நேராக என் பெயரை எழுதிவிட்டுத் தலைமையாசிரியை கிளம்பிப் போனார்.

என் கணவர் தள்ளித்தான் போனார். கடைசி பெஞ்சுக்கே போய், பெஞ்சில் இரண்டு முழங்கையையும் ஊன்றி உட்கார்ந்தார். நான் மைக்கைக் கழற்றப் போனேன்.

"இரு. வாய்ப்பாடு சொல்லு. கடைசியா ஒரு டெஸ்ட்."

சொன்னேன். பதினாறு பதினேழு இருநூற்று எழுபத்திரண்டு வரை, என் கரகரக் குரலில், ஒன்றையும் விழுங்காமல். "கேக்குதா?"

"கேக்கல" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் கேட்கிற காது அது. கண்ணை மூடியிருந்தார், அக்கா கடையில் ஏழாவது மைக்குக்கு மூடியிருந்த மாதிரியே. இந்தக் குரலைத்தான் அவர் காது இனி மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு பதினேழு பதினேழு.