மேலாள்

டென்சில் செய்த கணினி விளையாட்டில் நான்கு வகை ஆட்கள் உண்டு. மூன்று பேர் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். நான்காவது ஆள் மேலேயே நிற்பார். அந்த நான்காவது ஆளை எடுத்துவிட்டால்தான் விளையாட்டை வெளியிடுவோம் என்று பெங்களூர் கம்பெனி சொல்லியிருந்தது.

டென்சில் என் கணவர். கொரோனா இரண்டாவது அலையில் போய்விட்டார். விளையாட்டில் பாதி அவருடையது, மறுபாதி அவருடைய சிநேகிதன் நாகேஷுடையது. அவர் பாதி என் பேருக்கு வந்துவிட்டதால் நான் கையெழுத்துப் போடாமல் எதையும் எடுக்க முடியாது. போடாவிட்டால் கம்பெனி விலகிக்கொள்ளும். நாகேஷ் இதற்காக வேலையை விட்டவன். வேறு எந்தக் கம்பெனியும் அவனுக்குப் பதில்கூட எழுதவில்லை. போட்டால், டென்சில் கடைசியாகச் செய்த ஆள் அதில் இருக்க மாட்டார்.

மந்திரம் வரும் விளையாட்டுகளில் ஒரு நீலக் கோடு இருக்குமாம். மந்திரம் போட்டால் குறையும், சும்மா நின்றால் தானே ஏறும். நாகேஷ் முதலில் அப்படித்தான் செய்திருந்தான். டென்சில் அதைப் பார்த்துவிட்டு, "சும்மா நின்னா ரொம்புறதுக்கு அது இன்னா தண்ணி சம்ப்பா?" என்று கேட்டார். கோட்டுக்குப் பதில் மூச்சை வைத்தார். உளியாள் பாறையைப் பிளந்தாலும், விளக்காள் வெளிச்சத்தால் இருட்டுப் பிராணிகளை விரட்டினாலும், கட்டையாள் சரிகிற கூரையைத் தாங்கினாலும் மூச்சு செலவாகும். கீழே இருக்கும்வரை அது திரும்ப ஏறாது.

மேலாளுக்கு உளியும் இல்லை, விளக்கும் இல்லை. ஒரு மணி, ஒரு சக்கரம், ஒரு கயிறு. ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டான கேஜை இறக்குவதும் தூக்குவதும் அவர்தான். ஒவ்வொரு தடவையும் அவர் மூச்சு குறையும். கீழே மூச்சு தீர்ந்துபோனவருக்குத் தன்னுடையதைக் கயிறு வழியாக அனுப்பலாம். அவர் மூச்சே தீர்ந்தால் சக்கரம் நின்றுவிடும், கீழே இருப்பவர்கள் கீழேதான்.

மணி அடிக்கிற கணக்கு, சுரங்கத்தில் வேலை செய்தவர்கள் இருக்கும் எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்தது. டென்சில் விளையாட்டுக்காக அதைச் சுருக்கிக்கொண்டார். ஒன்று, நிறுத்து. இரண்டு, இறக்கு. மூன்று, ஆட்கள் ஏறியாச்சு, தூக்கு. ஒரு பக்கம் அடித்ததை மறுபக்கம் அப்படியே திருப்பி அடிக்கவேண்டும். திருப்பி அடிக்காதவரை கேஜ் அசையாது. மணிச் சத்தம் அடங்குவதற்குள் திருப்பாவிட்டால் அந்த அடி செல்லாது, மறுபடி அடிக்கவேண்டும்.

மந்திரங்களுக்குப் பெயரும் அவற்றுக்கான வரிகளும் எழுதியது நான். உளியாள், விளக்காள், கட்டையாள் மூவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளுக்கு எழுத உட்கார்ந்தபோது டென்சிலுக்குக் காய்ச்சல் வந்தது.

கம்பெனியிலிருந்து மமதா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சில் பூசை முடிந்து திரும்பியபோது, மூடிப்போன நந்திதுர்க் சுரங்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் லைன் வீட்டு வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து காற்று அடித்து, அதன் கண்ணாடியெல்லாம் வெள்ளைத் தூசு. மமதாவுக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். தமிழ் ஓரளவு புரியும், பேசுவது கன்னடமும் ஆங்கிலமும். வந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். மூன்று பேர் குகைக்குள் சண்டை போடும்போது ஒருவன் மட்டும் வானத்தையும் கயிற்றையும் பார்த்துக்கொண்டு நிற்க எவனும் வரமாட்டான் என்றார். அந்த ஆளைக் கீழே இறக்கி வைத்தியனாக மாற்றிவிடலாம், மணியைக் கணினியே திருப்பி அடித்துக்கொள்ளட்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நாகேஷ் வந்திருந்தான். டென்சிலின் தங்கை ஸ்வீட்டியும், ஆஸ்பத்திரி ட்யூட்டி இல்லாததால் வந்திருந்தாள். "மேலயே நிக்கிற ஆள் வேணாமாம். எங்க தலைமேலயே நிக்கிற மேட்ரனைக் கொண்டாந்து காட்டணும்" என்றாள். நாகேஷ் சிரிக்கவில்லை. அவன் ஏற்கெனவே மனசுக்குள் சம்மதித்துவிட்டான் என்று அப்போதே தெரிந்தது.

ஒரு தடவை விளையாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்று நான்தான் கேட்டேன். எனக்கு இந்த விளையாட்டுகள் தலைசுற்றும், ஒரு நாளும் விளையாடியதில்லை. மமதா உளியாளை எடுத்துக்கொண்டார். ஸ்வீட்டி விளக்காள், நாகேஷ் கட்டையாள். மேலாள் மற்றவர்கள் பேசுவதைக் கேட்கக்கூடாது என்பது டென்சில் வைத்த விதி. அதனால் நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

டென்சில் காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்த அறை அது. அந்த நாட்களில் நான் முன்னறையில் இருந்தேன். பேசினால் இருமல் வரும் என்று அவர் சுவரில் தட்டுவார். ஒன்று தட்டினால், ஒன்றும் வேண்டாம். மூன்று தட்டினால், கதவுப் பக்கம் வா. நான் திருப்பித் தட்டுவேன். ராத்திரி எத்தனை தடவை என்றாலும் திருப்பாமல் இருந்ததில்லை. பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் என்னை கேட்டுக்கு உள்ளே விடவில்லை.

இப்போது நான் சுவரின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

திரையில் சக்கரமும் கயிறும் சாம்பல் நிற வானமும். ஒரு ஓரத்தில் என் மூச்சு, விளக்குத் திரி மாதிரி. இன்னொரு ஓரத்தில் லெவலுக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன பல்புகள். எந்த லெவலிலிருந்து மணி அடிக்கிறார்களோ அந்த பல்பு எரியும். இரண்டு அடித்தார்கள். இரண்டு திருப்பினேன். கயிறு ஓடத் தொடங்கியது. மூன்றாவது லெவலில் ஒன்று. திருப்பினேன், நின்றது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கீழே நடந்ததை ஸ்வீட்டி பிறகு சொன்னாள். மமதா நன்றாகவே விளையாடினாராம். பாறையைப் பிளந்துகொண்டு, ஏணியில் தனியாக நான்காவது லெவலுக்கு இறங்கிவிட்டார். நீலக் கோடு பழக்கத்தில், கொஞ்சம் நின்றால் மூச்சு ஏறிவிடும் என்று நினைத்திருக்கிறார். ஏறவில்லை. கூரை சரிந்தது. அவர் திரை இருண்டுபோனது. அவர் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கி, "நான் செத்துட்டேன், நீங்க போங்க" என்று கன்னடத்தில் சொன்னார். நாகேஷும் ஸ்வீட்டியும் கேஜுக்கு ஓடினார்கள்.

எனக்கு அது எதுவும் தெரியாது. அசையாத கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை வியர்த்து விசைகளில் வழுக்கியது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். ஒரு விளையாட்டுக்கு இப்படியா என்று தோன்றியது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

மூன்றாவது லெவல் பல்பு எரிந்தது. மூன்று அடி. அதே நொடியில் சுவரிலும் மூன்று.

நாகேஷுக்கு அது பழைய வழக்கம். அவனும் டென்சிலும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்து வேலை செய்யும்போது இப்படித்தான் தட்டிக்கொள்வார்கள். விசையை அடித்த கை பக்கத்துச் சுவரையும் தட்டிவிட்டது. அவனுக்கே தெரிந்திருக்காது.

நான் திருப்பி அடித்தேன். மூன்று. சுவரில்.

கை சுவரில் இருப்பதைப் பார்த்ததும்தான் எங்கே அடித்தேன் என்று புரிந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பல்பு அணைந்துவிட்டது. கேஜ் அசையவில்லை. சரி, மறுபடி அடிப்பார்கள் என்று விசைமேல் விரலை வைத்துக் காத்திருந்தேன்.

அடித்தது மூன்றாவது லெவல் இல்லை. நான்காவது. ஒரே ஒரு அடி.

கேஜ் மூன்றில் நிற்கிறது. நான்கில் யாரோ இருக்கிறார். செத்தவர் மணி அடிக்க முடியாது. நான் ஒன்று திருப்பினேன்.

உடனே மூன்றிலிருந்து மறுபடி மூன்று. சுவரிலும் மூன்று, இந்தத் தடவை பலமாக. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து நாகேஷ் விதியை மீறிப் பேசினான். "அண்ணி, மூணு அடிச்சிருக்கேன். தூக்குங்க."

தூக்கியிருக்கலாம். என் மூச்சில் பாதிக்கு மேல் இருந்தது, இரண்டு பேரும் சுகமாக மேலே வந்திருப்பார்கள். மமதாவும் ஒரு வெற்றியைப் பார்த்திருப்பார். நான்கு வரை இறக்கித் தூக்கினால் மூச்சு போதுமா என்று எனக்குக் கணக்குத் தெரியாது. போதவில்லை என்றால் நான்கு பேருமே முடிந்தோம், மேலாள் உதவாத ஆள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கவேண்டியதுதான்.

நான் மூன்றைத் திருப்பவில்லை. இரண்டு அடித்தேன். இறக்கு.

இப்போது கீழே இருப்பவர்கள் திருப்பவேண்டும். முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. நாகேஷ் ஏதோ சொன்னான், ஸ்வீட்டி ஏதோ சொன்னாள். மணிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அது முழுக்க அடங்கப்போகும் நேரத்தில் இரண்டு வந்தது. ஸ்வீட்டி அவன் கையைத் தள்ளிவிட்டு அடித்திருக்கிறாள். "கையெடு ணா. கீழ ஆள் கீது."

கயிறு இறங்கியது. திரி இறங்கியது. நான்காவது லெவலில் ஒன்று அடித்தார்கள், நிறுத்தினேன். பிறகு காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. ஏறுவதற்கு அந்த ஆளிடம் மூச்சு இல்லை என்று தோன்றியது. எவ்வளவு அனுப்புவது? மீதி இருந்ததில் பாதியைக் கயிற்றில் விட்டேன். வெள்ளையாக ஒன்று கயிற்றைச் சுற்றிக்கொண்டு கீழே இறங்கியது. டென்சில் அதை இவ்வளவு அழகாகச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

மூன்று அடி வந்தது. தயங்கித் தயங்கி, ஒவ்வொன்றாக, புதிதாக அடிப்பவருடைய அடி. சுவர் பக்கம் போன கையை மறுகையால் பிடித்து வைத்துக்கொண்டு, விசையில் மூன்று திருப்பினேன்.

சக்கரம் சுற்றியது. திரி நூலாக இளைத்தது. இரண்டாவது லெவலைத் தாண்டும்போது சக்கரத்தின் வேகம் குறைந்தது. முதல் லெவலில் இன்னும் குறைந்தது. கேஜின் தலை வெளியே தெரிந்தது, பிறகு கதவு, பிறகு உள்ளே மூன்று பேர். திரி அணைந்தது. மேலாள் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் வெளியே வந்தபோது மமதா ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் தொங்கியபோது அதற்குள்ளிருந்து யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டதாம். மாட்டிப் பார்த்தால் அவருடைய ஆளுடைய மூச்சு. அப்புறம்தான் மணியை அடித்திருக்கிறார். "ஒந்து நிமிஷ" என்று எங்களை நிறுத்தி, முதலில் அடித்த மூன்று ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டார். ஏதாவது பிழையாக இருக்கும், பார்க்கிறேன் என்றான் நாகேஷ்.

"பிழை இல்ல. நான் திருப்பினேன்" என்றேன். "சுவத்துல திருப்பிட்டேன்."

ஸ்வீட்டி எழுந்து போய் மமதா பக்கத்தில் உட்கார்ந்து, கன்னடத்தில் மெதுவாகச் சொன்னாள். அந்த அறை, அந்தச் சுவர், அந்த நாட்கள். மமதா கேட்டுக்கொண்டார். வருத்தம் எதுவும் சொல்லாதது எனக்கு ஆறுதலாக இருந்தது. கடைசியில் அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் அர்த்தம் இது: கணினியே திருப்பி அடித்திருந்தால் உடனே அடித்திருக்கும், நான் கீழேயே கிடந்திருப்பேன்.

தண்ணீர் எடுக்கப்போகும் சாக்கில் நாகேஷை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். திரை இருட்டினால் சாவில்லை என்று உனக்குத் தெரியும்தானே என்று கேட்டேன்.

"தெரியும் அண்ணி." டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவங்களைத் தூக்கப்போனா மூச்சு பத்தாதுன்னு நெனைச்சேன். எல்லாம் கீழயே முடிஞ்சிட்டா அவங்க எழுந்து போயிடுவாங்க. எனக்கு இது விட்டா வேற இல்ல."

"எனக்கும் இல்ல" என்றேன். தண்ணீரை எடுத்துக்கொண்டு போனோம்.

மமதா ஒப்பந்தத்தில் மேலாளை எடுக்கச் சொன்ன வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் தன் பெயரை எழுதினார். கம்பெனியில் மேலே இருப்பவர்கள் கேட்டால் பதில் சொல்லவேண்டியது தன் பொறுப்பு, ஒத்துக்கொள்வார்கள் என்று உறுதி சொல்ல முடியாது, முதல் வேலையாக அவர்களில் ஒருவரை மேலாளாக உட்காரவைக்கப் போவதாகச் சொன்னார். ஆனால் ஒன்று கேட்டார். இருட்டு வந்தால் சாவு இல்லை என்பதை விளையாடுபவர்களுக்கு எங்காவது சொல்லியாகவேண்டும். தானே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் பாதிப்பேர் தன்னைப் போலத்தான் ஹெட்போனைக் கழற்றிவிடுவார்கள்.

டென்சில் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். நான் ஒத்துக்கொண்டேன். மேலாளுக்கு நான் எழுதாமல் விட்ட வரி இருந்தது. அதை அங்கேயே எழுதிக் கொடுத்தேன்: கீழே இருட்டினால் மூச்சைக் கேள். மூச்சு கேட்டால் மணி அடி. மேலே ஆள் இருக்கிறது.

ஸ்வீட்டி அதைக் கன்னடத்தில் சொல்லிக் காட்டினாள். மமதா தலையை ஆட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

கார் போன பிறகு ஸ்வீட்டியும் கிளம்பிவிட்டாள். உள்ளறையில் லேப்டாப் இன்னும் திறந்தே இருந்தது. மேலாள் முக்காலியில் உட்கார்ந்திருந்தார், மேலே அதே சாம்பல் வானம். நான் அதன் எதிரில் உட்கார்ந்தேன். முன்னறையில் நாகேஷ் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் ஒரு தட்டு கேட்டது. ஒன்று. நிறுத்தலாமா என்கிறான்.

நான் ஒன்று திருப்பித் தட்டினேன். அதற்குப் பிறகுதான் அவன் விளையாட்டை அணைத்தான்.