பதினேழாம் இலக்கம்

மதுரனின் அட்டையில் பெயர் இல்லை, பதினேழு என்ற இலக்கம் மட்டும்தான். பெயர் எழுதினால் பொலிசுக்குப் போய்விடும் என்று ஹெரோயின் தூளை ஊசியில் ஏற்றுகிறவர்கள் எட்டியும் பார்க்கமாட்டார்கள். அதனால் நாவற்குடாவில் ஒரு வாடகை வீட்டில் பரிசோதனை முகாம் நடத்தியவர்கள் ஆளுக்கொரு இலக்கம் கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். அதற்குள்ளும் புகுந்து விளையாட ஒரு மதுரன் வருவான் என்று அவர்கள் கனவா கண்டார்கள்?

ஆறு மாதத்துக்கு முன் நடந்த முதல் முகாமில், தாதி இர்ஷானா உள்ளறையில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தோளில் போட்டபோது அவன் முனகாமல் நின்றான். அடுத்தது, வெளி விறாந்தையில் இரத்தம் எடுக்கிற மேசை. அங்கேதான் கால் பின்வாங்கியது. நாளுக்கு மூன்று தரம் தனக்குத்தானே ஊசி குத்துகிறவனுக்கு இரத்தம் கொடுக்கப் பயமா என்று கேட்கலாம். அவனுக்கு ஊசியில் பயமில்லை, வரப்போகிற முடிவில்தான் பயம். அந்த நேரம் பார்த்து மச்சான் முறையான திவாகரன் மீன் விற்றுவிட்டு அவ்வழியே சைக்கிளில் வந்தான். பீடியைக்கூடத் தொடாத மனிதன்.

"ஒருக்கா எனக்காக ரத்தம் குடுத்திட்டு வா மச்சான். அவங்க தாற சோத்துப் பார்சல் உனக்குத்தான்" என்று இலக்கத் துண்டை அவன் கையில் திணித்தான் மதுரன். திவாகரன் போய்க் கையை நீட்டினான். பதினேழாம் இலக்கத்துக்கு ஒரு வைரசும் இல்லை என்று அட்டை வந்தது.

வாவிக்கரையில் பாழடைந்த இறால் பண்ணைக் கொட்டிலில் கூடுகிற ஏழெட்டுப் பேருக்கும் அந்த அட்டைகள் பிறகு சட்டமாகிவிட்டன. புது ஊசி எல்லா நாளும் கிடைக்காது. ஒரே ஊசி கைமாறுகிற நாளில், அட்டை சுத்தமானவர்கள் முதலில் ஏற்றுவது, வைரஸ் உள்ளவர்கள் கடைசியில் ஏற்றுவது. அதுவே பெரிய பாதுகாப்பு என்று அந்தப் புத்திசாலிகள் நினைத்தார்கள். சுத்தமான அட்டை இரண்டு பேரிடம்தான் இருந்தது. பதினேழாம் இலக்கம் மதுரன், பதினெட்டு காத்தான்குடி றிஸ்வி. முதலில் மதுரன் ஏற்றுவான், அதே ஊசியை றிஸ்வி வாங்குவான்.

"நான் கடைசியில் ஏற்றுகிறேன்" என்று மதுரன் ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். போதாக்குறைக்கு, நாள் போகப்போக அவனுக்கே அந்த அட்டையில் நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்றாவது தடுப்பூசிக்கான நாளில் இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். றிஸ்வி தூளை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. கட்டாருக்கு விசா வந்திருந்தது. புதன்கிழமை கொழும்பில் மெடிக்கல், அங்கே இரத்தமும் சோதிப்பார்கள்.

"அங்க தூள் எடுக்கேலா மச்சான். போய்ச் சேந்தா நான் தப்பிடுவன். இஞ்ச கிடந்தா மௌத்துதான்" என்றான் றிஸ்வி. கடவுச்சீட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தான்.

இந்த முறை விறாந்தையில் மேசை இல்லை. தடுப்பூசி போட்ட கையோடு இர்ஷானாவே விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டைச் சின்னச் சோதனைப் பட்டியில் விட்டாள். துண்டைக் கைமாற்ற வழியில்லாமல் மதுரன் அகப்பட்டுக்கொண்டான். இருபது நிமிடத்தில் பட்டியில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

"தம்பி, இது சி வைரஸ். நாங்க போட்டது பி வைரசுக்கான ஊசி, இதைத் தடுக்காது" என்றாள் இர்ஷானா. "போன முறை உங்களுக்கு இது இருக்கல்லையே. இந்த ஆறு மாசத்துக்குள்ள ஆரிட்டயோ இருந்துதான் தொத்தியிருக்கு. ஆரோட ஊசி மாத்தின நீங்க?"

மதுரனுக்கு றிஸ்வியின் நினைவுதான் வந்தது. மாத்திரையால் குணமாக்கலாம் என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. வெளியே வந்தபோது றிஸ்வி சிரித்துக்கொண்டே உள்ளே போனான். படலையைத் திறந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. றிஸ்வியின் முடிவு தெரியாமல் போகவும் முடியவில்லை. மாமரத்தடி வாங்கில் உட்கார்ந்து, கும்பிட்டுப் பழக்கமில்லாதவன் அன்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டான்.

அரை மணித்தியாலத்தில் றிஸ்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். முகத்தில் இரத்தமே இல்லை.

"ரெண்டு கோடு வந்திட்டு மச்சான். குளிசை போட்டா சுகமாகுமாம். ஆனா சுகமானாலும் மெடிக்கல்ல இந்தக் கோடு காட்டுமாம். மிஸ் சொல்லுறா." பிறகு மதுரனின் முழங்காலைப் பிடித்தான். "உன்ட அட்டை சுத்தம்தானே. என்னோட கொழும்புக்கு வா. என்ட பேரில நீ ரத்தம் குடு. இந்த ஒரு உதவிய மட்டும் செய்."

தான் செய்த அதே திருட்டு வழியை அவனும் கண்டுபிடித்துவிட்டானே என்று மதுரனுக்கு நெஞ்சு எரிந்தது.

"என்ட ரத்தம் சரிவராது றிஸ்வி."

"ஏன்?"

மதுரன் பஞ்சு ஒட்டிய விரலைக் காட்டினான். "எனக்கும் ரெண்டு கோடு. அண்டைக்கு ரத்தம் குடுத்தது நான் இல்ல. என்ட மச்சான் திவாகரன். என்னை இண்டைக்குத்தான் முதல்முதலாச் சோதிச்சது."

அடி விழும் என்று காத்திருந்தான். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது. றிஸ்வி முழங்காலில் இருந்து கையை எடுத்தான்.

"எப்பவும் நீதானே முன்னுக்கு ஏத்தின நீ" என்றான்.

"ஓம்."

அடுத்த இலக்கத்தை உள்ளே கூப்பிட்டார்கள். றிஸ்வி இடுப்பிலிருந்த பையைப் பிரித்துக் கடவுச்சீட்டை எடுத்தான். தன்னுடைய படம் உள்ள பக்கத்தைத் திறந்து மதுரனின் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

"நல்லாப் பாத்துச் சொல்லு மச்சான். திவாகரன்ட முகம் இதுக்கு ஒத்துவருமா?"