எலுமிச்சைக்கு மாறாத சிவப்பு

தேநீருக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிவிட்டு, கைக்கு எட்டிய துணித்துண்டில் கத்தியைத் துடைத்தேன். துடைத்த பிறகுதான் அது என்ன துணி என்று பார்த்தேன். நான் சாயமேற்றிய சிவப்புத் துணியில் தையல்காரர் வெட்டிக் கொடுத்த மிச்சம். பாழாக்கிவிட்டேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். பதங்கக் கட்டையைக் கொதிக்க வைத்து எடுக்கும் சிவப்பில் எலுமிச்சைச் சாறு பட்டால் போதும், அந்த இடம் மஞ்சளாகிவிடும். அதனால்தான் சாயத்துணி இருக்கும் பக்கம் எலுமிச்சை நறுக்கிய கத்தி வரவே கூடாது என்று இந்த வீட்டில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன்.

துணி மஞ்சளாகவில்லை.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு பழத்தில் பாதியை எடுத்து அதன் மேலேயே பிழிந்தேன். சாறு ஊறி விளிம்பில் சொட்டியது. சிவப்பு அப்படியே இருந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். மணி எட்டரை.

விஷயம் இதுதான். நான் வீட்டுப் பின்கட்டில் துணிக்குச் சாயமேற்றுகிறவள். வெங்காயத் தோல், மாதுளைத் தோல், கடுக்காய், பதங்கக் கட்டை, நிறம் பிடிக்கப் படிகாரம், இவ்வளவுதான் என் சரக்கு. கடையில் விற்கும் பாக்கெட் சாயப்பொடி என் வாசற்படி ஏறாது. பாக்கெட் சாயத்துக்குத்தான் எலுமிச்சை என்றால் பயம் கிடையாது.

அந்தத் துணி யாருக்குத் தைத்ததோ அவளுக்குப் பாக்கெட் சாயம் ஆகாது. கடிகாரம் பழுது பார்க்கிறவரின் மகள். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்து நீலச் சட்டை போட்டு, உடம்பெல்லாம் தடித்து, கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டு, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றிலிருந்து பத்து வருஷமாக வெள்ளைதான். தெருவில் எல்லோரும் அவளை முயல் என்பார்கள். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

முயலுக்கு இப்போது வேலை கிடைத்திருந்தது. கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை. ஆனால் அங்கே வெள்ளை உடுப்பு நர்சுகளுக்கு மட்டும்தான். கண்ணில் கட்டோடு வருகிறவர்கள், மங்கலாகத் தெரிகிற வெள்ளையைப் பார்த்துத்தான் நர்சைக் கூப்பிடுவார்களாம். மேஜையில் இருப்பவர் வேறு ஏதாவது நிறத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் என்னிடம் வந்து, "சிவப்பு கிடைக்குமா அக்கா?" என்று கேட்டாள். பதங்கச் சாயத்தில் ஒரு நாடாவை நனைத்து, மூன்று நாள் அவள் மணிக்கட்டில் கட்டிவிட்டுப் பார்த்தோம். ஒரு சின்னத் தடிப்புகூட இல்லை. இன்றுதான் அவளுக்கு முதல் நாள். ஒன்பது மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புவாள், என் சிவப்புச் சட்டையில்.

"பூனை," என்று கூப்பிட்டேன்.

பூனை என் நாத்தனார். கணவர் கப்பலில் வேலை பார்ப்பதால் வருஷத்தில் எட்டு மாதம் எங்களோடுதான் இருப்பாள். நடந்தால் சத்தம் வராது, அதனால் அந்தப் பெயர். சாயவேலையில் எனக்கு வலதுகை அவள்தான். வந்தவள் என் கையில் இருந்த துணியைப் பார்த்தாள், எலுமிச்சையைப் பார்த்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"பாக்கெட் பொடி எவ்வளவு போட்டே?"

"ஒரு ஸ்பூன் அண்ணி."

துணியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஒண்ணரை," என்றாள்.

நேற்று முன்தினம் நான் பல் டாக்டரிடம் போன ஒரு மணி நேரத்தில் நடந்திருக்கிறது. அதற்கு முதல் நாள், சட்டையோடு முயலுக்குக் கொடுக்க இருந்த துப்பட்டாவைத்தான் முதலில் நனைத்தோம். கட்டை பழசு போலிருக்கிறது. நிறம் ஏறவே இல்லை. ஓரிடத்தில் வெளிறின ரோஸ், ஓரிடத்தில் செங்கல் நிறம், திட்டுத் திட்டாக வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். துப்பட்டாவைச் சுருட்டி மூலையில் வீசினேன். "சட்டைத் துணியும் நாளைக்கு இப்படி வந்துச்சுன்னா இந்தப் பானையத் தெருவுல தூக்கி எறிஞ்சிடுவேன். நீயும் உன் பாட்டைப் பார்த்துக்கிட்டுப் போ," என்று கத்தினேன். மறுநாள் நான் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பியபோது பானையில் துணி நெருப்பாய் இருந்தது. கைராசி என்றால் இதுதான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். தையல்காரரிடம் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன். பல் டாக்டருக்குக்கூட போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

"மூணு தடவை அலசினேன் அண்ணி. கடைசியில தண்ணி தெளிவாத்தான் வந்துச்சு. அவளுக்குச் சின்ன வயசுல வந்ததுதானே, இப்ப ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"நினைச்சியா? நீ என்ன டாக்டரா? அவ கண்ணு ரெண்டும் மூடிக்கிச்சுடி. நான் போய்ப் பார்த்தேன். குரலை வச்சுத்தான் யாருன்னு கண்டுபிடிச்சா."

கடிகாரக்காரரின் எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலையில் உட்கார்ந்துவிட்டால் போனை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார் மனிதர். மறுபடியும் அடித்தேன். முயலின் எண் என்னிடம் இல்லை. அவள் வீடு ஐந்து தெரு தள்ளி. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

பூனை பின்னாலேயே ஓடி வந்தாள். தோளில் ஒரு பை, இரண்டு காலிலும் வேறு வேறு ஜோடிச் செருப்பு. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பல் பிடுங்கிய இடம் ஓட ஓட விண்விண்ணென்று தெறித்தது. வழி முழுவதும் அவளை என்னவெல்லாம் திட்ட வேண்டும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே போனேன். கடிகாரக்காரர் முன்னால் நிறுத்தி, இவள்தான், கேளுங்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன்.

மூன்றாவது தெருவில் பூனை என்னை எட்டிப் பிடித்தாள். "அண்ணி, தோள்ல தையல் பிரிஞ்சிருக்குன்னு சொல்லி வாங்கிட்டு வந்துடலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்."

பொய் சொல்லக் கூடாது என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. பத்து வருஷம் சம்பாதித்த பெயர். "பேசாம வா," என்றேன். மணி எட்டே முக்கால்.

முன்னறை கடை, உள்ளே வீடு. சுவர் முழுக்க கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டின. கடிகாரக்காரர் நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியோடு எழுந்தார். முகமெல்லாம் பல்.

"வா தங்கச்சி. வழியனுப்பவே வந்துட்டியா? காலையிலேர்ந்து எனக்கு ஒரு வேலையும் ஓடல. என் பொண்ணக் கலர்ல பார்த்துக் கண்ணு கூசுது."

உள்ளேயிருந்து முயல் வந்தாள். அந்தச் சிவப்பு அவளுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. என்னால் மறைக்க முடியாது, ஒரு நொடி எல்லாம் மறந்து சந்தோஷப்பட்டேன். கழுத்துப் பொத்தான் வரை இறுக்கிப் போட்டிருந்தாள். கழுத்தில் பவுடர் கொஞ்சம் அதிகம்.

"ஒண்ணுமில்லம்மா, இந்தத் தோள்கிட்ட தையல்..." என்று கையை நீட்டினேன்.

அவள் பின்வாங்கினாள். நல்ல துணியைக் காட்ட யாரும் பின்வாங்க மாட்டார்கள். நான் விடவில்லை. ஓரெட்டு முன்னால் போய்க் கழுத்துப் பட்டையை விலக்கினேன். பவுடருக்கு அடியில் காதோரத்திலிருந்து தோள் வரை தடித்துப்போயிருந்தது. நடுவில் நகம் பட்ட கீறல்கள்.

"எப்பலேர்ந்து?"

"நேத்து சாயங்காலம் அளவு பார்க்கப் போட்டேன் அக்கா. விடியக்காலைல ஆரம்பிச்சுது. லேசாத்தான்."

"லேசா? எரியலையா உனக்கு? உங்கப்பாகிட்ட சொல்ல வேண்டியதுதானே? எனக்கு ஆளனுப்ப வேண்டியதுதானே?"

முயல் அப்பாவைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "அப்பா ரொம்ப சந்தோஷமா இருந்தாரு. சாயங்காலம் வரைக்கும் தாங்கிக்கலாம்னு பார்த்தேன். அதுவும் இல்லாம..."

"அதுவும் இல்லாம?"

"உங்க சாயம் அரிக்குதுன்னு சொன்னா நீங்க சண்டைக்கு வருவீங்க."

பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஓடி வந்த களைப்பு என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு பெண், உடம்பு தடித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பியிருக்கிறாள், என் வாய்க்குப் பயந்து. எனக்கு அசிங்கமாக இருந்தது. தையல் பிரிந்த கதையை இனி எந்த வாயால் சொல்வது?

"இது என் சாயம் இல்லண்ணே," என்றேன் கடிகாரக்காரரிடம். "பாக்கெட் பொடி கலந்திருக்கு. நான் இல்லாத நேரம்..."

"நான்தான் போட்டேன்," என்றாள் பூனை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

கடிகாரக்காரர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "போம்மா, முதல்ல அதைக் கழட்டு. பச்சைத் தண்ணியில கழுத்தைக் கழுவு. டாக்டர் கொடுத்த மாத்திரை அலமாரியில இருக்கும், பார்த்துப் போடு," என்றார். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

முயல் திரும்பி வந்தபோது பழையபடி வெள்ளைச் சட்டையில் இருந்தாள். ஒன்பதாக நான்கு நிமிஷம். அவள் அழவில்லை. "வெள்ளையில போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க," என்று மட்டும் சொன்னாள்.

பூனை தோள் பையைத் திறந்தாள். நான் மூலையில் வீசியிருந்த துப்பட்டா, துவைத்து, தேய்த்து, நான்காக மடித்து இருந்தது. எப்போது செய்தாள் என்று எனக்குத் தெரியாது. "இது முதல் நாள் நனைச்சது. நான் பொடி போடறதுக்கு முன்னாடி. திட்டுத் திட்டாத்தான் இருக்கும்," என்றாள்.

முயல் அதைத் தொடவில்லை. "அதுல கலக்கலன்னு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. என் சாயத்தைப் பார்த்து இதுவரை யாரும் கேட்காத கேள்வி. என் வலது கையை அப்போதுதான் பார்த்தேன். எலுமிச்சம்பழப் பாதியை ஐந்து தெருவும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறேன்.

"இதை ஒரு மூலையில பிழிவேன். என் சாயமா இருந்தா மஞ்சளாகும். மாறலன்னா அதைத் தொடாதே," என்றேன்.

துப்பட்டாவை மேஜைமேல் விரித்தோம். பழத்தில் அதிகம் சாறு இல்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். மூன்று சொட்டு விழுந்தது. நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், கடிகாரக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு. பானையை நான் கழுவினேனா, அவள் கழுவினாளா, அதற்கு முன்பும் ஏதாவது நடந்திருக்குமா என்று என் கையையே என்னால் நம்ப முடியவில்லை.

ரோஸ் நிறம் ஓரத்திலிருந்து வெளிற ஆரம்பித்தது. பிறகு நடுவில். எட்டணா அளவுக்குச் சுத்தமான மஞ்சள் வந்து நின்றது.

"இந்தப் பக்கமும்," என்றாள் முயல், அடுத்த மூலையைக் காட்டி.

அங்கேயும் பிழிந்தேன். அங்கேயும் மஞ்சள். அவள் விரலால் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம்தான் எடுத்தாள். கழுத்தில் படாதபடி இரண்டு தோளிலும் தழையவிட்டு ஊக்கு குத்திக்கொண்டாள். திட்டெல்லாம் மடிப்பில் போய்விட்டது. தூரத்தில் நின்று பார்க்கிறவர் யாரும் வெள்ளை என்று சொல்ல மாட்டார்கள்.

"அந்த மஞ்சக் கறை போகுமா?" என்று கேட்டார் கடிகாரக்காரர். வந்ததிலிருந்து அவர் என்னிடம் இரண்டாவது தடவையாகப் பேசியது அப்போதுதான். முதல் தடவை தங்கச்சி என்று கூப்பிட்டிருந்தார்.

"சோப்புத் தண்ணியில நனைச்சா பழைய நிறம் வந்துடும். சாயங்காலம் வாங்கிட்டுப் போய் நானே..."

"வேணாம் அக்கா, இருக்கட்டும்," என்றாள் முயல் படியிறங்கிக்கொண்டே. "அது இருந்தாதான் எனக்கு தைரியம்." தெருமுனை திரும்பும்வரை ஒரு கையால் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டே போனாள்.

சிவப்புச் சட்டையை ஒரு பையில் போட்டு வாங்கிக்கொண்டு நாங்கள் கிளம்பினோம். வழியில் யோசித்து வைத்திருந்த திட்டு அத்தனையும் எனக்கு ஞாபகம் இருந்தது. அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. மூன்றாவது தெருவில் கேட்டேன்.

"நிறம் ஏறலன்னு என்கிட்ட சொல்ல அவ்வளவு பயமா உனக்கு?"

பூனை தன் ஜோடி சேராத செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"ஆமா அண்ணி."

சப்பைக்கட்டு கட்டுவாள், அப்படியெல்லாம் இல்லை அண்ணி என்பாள் என்று நினைத்திருந்தேன். பல் வலியையும் மீறி வேறெங்கோ வலித்தது.

"இன்னும் என்னென்ன என்கிட்ட சொல்லாம வச்சிருக்கே?"

"நிறைய இருக்கு. நடந்துகிட்டே சொல்லி முடியாது."

பூட்டியிருந்த ஒரு கடைவாசலில் படி இருந்தது. நான் போய் உட்கார்ந்து, அவளுக்கும் இடம் விட்டேன்.

"சரி, சொல்லு," என்றேன்.