சுத்த சைவ வீட்டில் ஹையோலித்

மத்திகிரியில் அந்த மாடிப் போர்ஷன் பெனிஷாவுக்குக் கிடைத்தே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பழைய வீட்டைக் காலி செய்ய வேண்டும். தனியாக இருக்கும் பெண் என்றதும் நாலு வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். கோவிந்தப்பன் மட்டும் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, சுத்த சைவம்.

"முட்டை ஓடுகூட படியேறக் கூடாதும்மா."

பெனிஷா மீன்குழம்பை ஒருமுறை மனதுக்குள் நினைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

சாவி வாங்கவந்த அன்றே தன் புதைபடிவ ஆராய்ச்சிப் பெட்டியையும் தூக்கிவந்தது அவளுடைய அவசர புத்தி. ஆட்டோவிலிருந்து இறக்கும்போது பெட்டி வாயைப் பிளந்து, உள்ளே இருந்த கல்லைக் காட்டிவிட்டது.

"இது என்னம்மா?" என்றார் கோவிந்தப்பன்.

"ஹையோலித் சார். ஐம்பது கோடி வருசத்துக்கு முந்தி கடல்ல வாழ்ந்து கல்லாப் போன உயிரு. கூம்பு மாதிரி ஓடு, அதுக்கொரு மூடி, ரெண்டு பக்கமும் கொம்பு."

"ஓடா? அப்ப நத்தையா?"

இல்லை என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கவேண்டியதுதானே. பிழைக்கத் தெரியாத பெண். நத்தை வகையறாதான் என்று பாதி விஞ்ஞானிகளும், இல்லவே இல்லை என்று மீதிப் பேரும் அடித்துக்கொள்ளும் உயிர் அது. நாலு வருடமாக அதற்கொரு குலம் தேடி அவளுக்குத் தலைமுடி கொட்டியதுதான் மிச்சம். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"இன்னும் முடிவாகலைங்க சார்."

"எப்ப முடிவாகும்?"

"அடுத்த வருசம் ஆகலாம். ஆகாமலும் போகலாம்."

கோவிந்தப்பன் சாவியை மடியில் செருகிக்கொண்டார். பெனிஷா பெட்டியை மூடப் போனாள். அப்போது அவர் மனைவி ஜோதியம்மாள் சமையலறையிலிருந்து வந்தார்.

"ஏங்க, நம்ம வீட்ல ஆளே செத்தாலும் பதினாறோட தீட்டு போயிடுது. இது செத்து ஐம்பது கோடி வருசம்னு சொல்லுது பொண்ணு. இன்னுமா ஒட்டிக்கிட்டிருக்கும்?"

சாஸ்திரம் பேசினால் கோவிந்தப்பன் கேட்டுக்கொள்வார். சாவியை வெளியே எடுத்தார். கூடவே ஒரு யோசனையும் வந்துவிட்டது. பூஜை அறைக்குப் போய், வெள்ளித் தட்டில் துளசியோடு ஒரு கறுப்புக் கல்லை ஏந்திவந்தார். அவர்கள் வீட்டுப் பரம்பரைச் சாளக்கிராமம்.

"கல்லு படிச்ச பொண்ணு நீ. இது யாருன்னு பாத்துச் சொல்லும்மா."

பெனிஷா குனிந்தாள். சுருள், சுருளுக்குள் அறை அறையாகத் தடுப்பு. இதுவும் கல்லாகிப்போன கடலுயிரின் ஓடுதான்; கணவாய் மீனுக்குப் பங்காளி, நத்தைக்குத் தூரத்துச் சொந்தம். இதில் உலகத்தில் எந்த விஞ்ஞானிக்கும் சந்தேகமே கிடையாது. நாலு வருடத்தில் ஒரு கல்லாவது இப்படிக் குலம் கோத்திரத்தோடு பளிச்சென்று அவள் கண்ணில் பட்டிருக்கக் கூடாதா.

"பெருமாள்தாங்க சார்" என்றாள் பெனிஷா, சாவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.