இரண்டாவது தோட்டா

துப்பாக்கியைக் கொண்டுவந்தவனைப் பார்த்ததும் தமிழரசன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். மரியாதைக்காக அல்ல. அந்த நேரத்தில் கையில் கூரான எதுவும் இருக்க வேண்டாம் என்று தோன்றியது.

சூர்யபிரகாஷ் கடை வாசலிலேயே நின்றான். தோளில் கான்வாஸ் உறை. மூன்று வருடத்தில் முடி பாதி கொட்டியிருந்தது.

"உள்ள வாங்க சார்" என்றார் கடை முதலாளி காயாரோகணம். பிறகுதான் யார் என்று தெரிந்து தமிழரசனைத் திரும்பிப் பார்த்தார். "மிலிட்டரி, நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வாயேன்."

"குடிச்சாச்சு" என்றான் தமிழரசன்.

பட்டாளத்தில் இருபது வருடம் துப்பாக்கி பழுது பார்த்தவன் என்பதால் தஞ்சாவூர் கீழவாசலில் எல்லோருக்கும் அவன் மிலிட்டரிதான். அந்த உறைக்குள் இருப்பது என்ன என்று அவனுக்குத் திறக்காமலே தெரியும். ஒரு தை மாதத்து விடியலில் அவன் தங்கை மாலதியின் கணவன் ராஜ்குமாரைக் கொன்ற ரைபிள் அது.

ராஜ்குமார் சூர்யபிரகாஷின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவன். தாசில்தார் அலுவலகத்தில் தன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்துகொண்டான். பதிவு இருந்தால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. நிலத்தை விட்டு வெளியேறச் சொல்லி சூர்யபிரகாஷ் ஆள் மேல் ஆள் அனுப்பினான். ராஜ்குமார் அசையவில்லை. சம்பா அறுப்புக்கு நின்றபோது ராத்திரியெல்லாம் பன்றி இறங்கியது. அதை விரட்டுகிறேன் என்று பனிமூட்டத்தில் ரைபிளோடு வந்த சூர்யபிரகாஷ் சுட்டான். ஒரு குண்டு வரப்பில் பதிந்தது. இன்னொன்று அந்த வரப்புக்கு அப்பால் குனிந்து நின்ற ராஜ்குமாரின் கழுத்தில் பாய்ந்தது.

நான் ஒரு தடவைதான் அழுத்தினேன், துப்பாக்கி தானாக இன்னொன்றையும் சுட்டுவிட்டது என்றான் சூர்யபிரகாஷ். சித்திரை வெயிலில் சோதித்துப் பார்த்த ஆய்வகம், துப்பாக்கியில் பழுது இல்லை என்று எழுதியது. பக்கத்து வயலில் இருந்த கண்ணாத்தாள் மட்டும், "எனக்கு ஒரே சத்தமாத்தான் கேட்டுச்சு" என்று சாட்சி சொன்னாள். வழக்கு இழுத்துக்கொண்டே போய், சந்தேகத்தின் பலனில் அவன் விடுதலையானான். துப்பாக்கியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"இத வித்துடணும்" என்றான் சூர்யபிரகாஷ், காயாரோகணத்திடம். "வீட்ல வெச்சிருக்க முடியல."

"வித்துடலாம். நல்ல சாமான், வெளிநாட்டுச் சரக்கு. வாங்குறதுக்கு ஆளு இருக்கு."

"அதுக்கு முன்னாடி இவரு ஒரு தடவ பாக்கணும்."

தமிழரசன் நிமிர்ந்தான்.

"ஒங்க மேல கேஸு போட்ட குடும்பத்து ஆளுங்க நான்" என்றான்.

"தெரியும். அதனாலதான் வந்தேன். நாலு பேர்ட்ட காட்டுனேன். எல்லாரும் எனக்குப் புடிச்ச மாதிரியே சொல்றாங்க, கோளாறு இருக்கலாம் சார், இருந்திருக்கலாம் சார்னு. நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க." குரல் தழைந்தது. "நான் ஒரு தடவதான் அழுத்துனேன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி இப்ப எனக்கே தெரியல. அத மட்டும் சொல்லிடுங்க. போதும்."

"சும்மா கெடந்ததுல துரு ஏறியிருக்குமோ?" என்று காயாரோகணம் நடுவில் புகுந்தார்.

"நான் நல்லாத்தான் வெச்சிருந்தேன். எலெக்சனுக்கு ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொன்னாங்கல்ல, அப்பகூட நானே எண்ணெ போட்டுத் தொடச்சித்தான் குடுத்தேன். அந்தத் தையிலதான் திருப்பி வாங்குனேன்."

தமிழரசன் கையை நீட்டினான். உறை கைமாறியது. அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு சூர்யபிரகாஷ் போனான்.

"வேண்டாம்யா" என்றார் காயாரோகணம். "வேற ஆளுகிட்ட குடுத்துடறேன். நீ இதுல எதையாவது ஏடாகூடமாப் பண்ணிட்டு, நாளைக்கு அவன் கையில வெடிச்சா என் லைசென்ஸு போயிடும்."

"அவனுக்கு அப்படி சுலபமா எதுவும் ஆவக் கூடாது மொதலாளி."

காயாரோகணம் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வகை ரைபிளில் விசையை அழுத்தினால் ஒரு குண்டு வெடிக்கும். வெடித்த வேகத்திலேயே அடுத்த குண்டு உள்ளே ஏறிவிடும். ஆனால் விரலை எடுத்து மறுபடி அழுத்தினால்தான் அது போக வேண்டும். அதைக் காவல் காப்பது விசைக்கு மேலே இருக்கும் ஒரு சிறிய கொக்கி. குண்டைத் தட்டி வெடிக்கவைக்கும் சுத்தியலை விரல் விலகும்வரை பிடித்து வைப்பது அதன் வேலை. கொக்கி தேய்ந்திருந்தாலோ, ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ பிடி நழுவும். சுத்தியல் இரண்டாவது தடவையும் விழும்.

கடைக்குப் பின்னால் மணல் நிரப்பிய இரும்புத் தொட்டி ஒன்று இருந்தது, சுட்டுப் பார்ப்பதற்காக. உச்சி வெயிலில் தமிழரசன் அதன் முன் நின்றான். இரண்டு குண்டுகள் மட்டும் ஏற்றினான். இந்த மாதிரி சோதனையில் அதற்கு மேல் ஏற்றுவது முட்டாள்தனம். அழுத்தினான். ஒன்று. விரலை எடுக்காமல் காத்திருந்தான். ஒன்றுதான். மறுபடி ஏற்றினான். ஒன்றுதான். வேகமாக, மெதுவாக, விரலைத் தளர்த்தி, தோளில் அழுத்தி, தோளில் படாமல், எப்படிச் சுட்டாலும் ஒன்றுதான். கொக்கியின் விளிம்பை விரல் நுனியால் தடவினான். புதிது போல இருந்தது. ஸ்பிரிங் விறைப்பாக இருந்தது.

ஒவ்வொரு ஒற்றைச் சத்தத்துக்கும் அவனுக்குள் ஏதோ ஒன்று நிறைந்துகொண்டே வந்தது. மூன்று வருடமாக நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து, வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கிக்கொண்டு போன அந்த முதுகைப் பார்த்து அவன் நினைத்துக்கொண்டிருந்தது சரிதான். முதல் குண்டு பன்றிக்கு. இரண்டாவது குண்டு குத்தகைப் பதிவுக்கு. அதைச் சூர்யபிரகாஷின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போவது தான்தான் என்ற நினைப்பு இனித்தது. எந்த வார்த்தையில் சொல்வது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தான். சாப்பிடும்போதும் யோசித்தான். மனைவி பேசியது எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே போய்விட்டான். சந்தேகம் இல்லை. அந்த ஒற்றைச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல இருந்தது. மார்கழிப் பனி கொல்லையில் இன்னும் கலையவில்லை. இரும்பு அலமாரியிலிருந்து எடுத்த ரைபிள் கையில் சில்லென்று இருந்தது. இரண்டு குண்டுகளை ஏற்றினான். அழுத்தினான்.

தோளில் இரண்டு உதை. காதில் ஒரே சத்தம்.

விரலைப் பார்த்தான். அது விசையின் மேல் அப்படியே இருந்தது. எடுக்கவே இல்லை. குண்டு ஏறும் அறையைத் திறந்து பார்த்தான். காலி.

தெருவில் பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். பிறகு ரைபிளை உள்ளே கொண்டுவந்து மேசையில் வைத்து விசைப் பகுதியைப் பிரித்தான்.

கொக்கியைச் சுற்றி வெள்ளையாகக் கட்டியிருந்தது. மெழுகு போல, ஆனால் மெழுகு இல்லை. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனான். தேங்காயெண்ணெய். காறிப்போன, பழைய தேங்காயெண்ணெய். மார்கழி தையில் குளியலறை டப்பாவில் உறைந்து, வெந்நீரில் வைத்தால்தான் இறங்குமே, அதே எண்ணெய். சொந்தத் தென்னந்தோப்பு இருக்கிறவன், துருப் பிடிக்கக் கூடாது என்று அருமையாகப் பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறான். விடியல் குளிரில் அது உறையும். கொக்கி நகராது. வெயில் ஏறினால் இளகிவிடும். எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். சித்திரையில் சோதித்த ஆய்வகத்துக்கும், நேற்று மத்தியானம் சோதித்த தனக்கும் துப்பாக்கி ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது.

கண்ணாத்தாள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். மூன்று வருடமாகச் சுமந்த ஒன்றை யாரோ சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போகப் பார்ப்பது போல இருந்தது. கொடுக்க மனம் வரவில்லை. ராஜ்குமார் சாவுக்கு ஒரு டப்பா எண்ணெய் காரணம் என்றால், யாரைப் போய் வெறுப்பது? அந்த ஆள் நிம்மதியாகத் தூங்குவான். நான் செய்யவில்லை, நான் செய்யவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். ராஜ்குமார் மண்ணுக்குள் கிடப்பான். குத்தகை நிலம் கை மாறியது மாறியதுதான். மாலதி ரைஸ் மில்லில் மூட்டை தைத்துக்கொண்டிருப்பாள்.

ஜன்னலுக்கு அப்பால் பனி விலகி வெயில் வந்தது. மேசை மேல் அந்த வெள்ளை மெல்லக் கண்ணாடி போலாகி, ஒழுகத் தொடங்கியது.

அவன் எழுந்து பெட்ரோலை எடுத்தான். கொக்கி, ஸ்பிரிங், சுத்தியல், ஒவ்வொன்றையும் நனைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, துப்பாக்கி எண்ணெய் விட்டுப் பூட்டினான். அழுக்குத் துணியைக் கொல்லையில் கொளுத்தினான். அடுத்த நாள் அதே நேரத்தில், அதே குளிரில் சுட்டுப் பார்த்தான். ஒன்றுதான் வெடித்தது. இனி யார் எந்தக் காலத்தில் சோதித்தாலும் ஒன்றுதான்.

சூர்யபிரகாஷ் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டான். உட்காரவில்லை.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி?"

தமிழரசன் ரைபிளை மேசைமேல் வைத்தான். "காலையில சுட்டுப் பாத்தேன். மத்தியானம் சுட்டுப் பாத்தேன். பிரிச்சும் பாத்துட்டேன். ஒரு தேய்மானம் இல்ல. ஒரு அழுத்துக்கு ஒண்ணுதான் போவும்."

"பனியில? குளுருல எதுவும்..."

"பனியிலயும்தான்."

சூர்யபிரகாஷ் தலையை ஆட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான். பிறகு வலது கையைத் தூக்கித் தன் ஆட்காட்டி விரலைப் பார்த்தான், அது இன்னொருவருடையது போல.

"அவன் மேல கோவம் இருந்துச்சு" என்றான். "அது ஞாபகம் இருக்கு. ரெண்டாவது தடவ அழுத்துனதுதான் ஞாபகம் இல்ல."

தமிழரசன் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவன் நீட்டிக்கொண்டே போனான். அதில் ஒவ்வொரு நொடியும் எதிரே இருப்பவனின் தலையில் ஒரு பிடி மண்ணாக விழுந்தது.

"அப்ப நாந்தான்" என்று சொல்லிவிட்டு சூர்யபிரகாஷ் படி இறங்கினான். துப்பாக்கி என்ன விலைக்குப் போகும் என்று கேட்கவில்லை.

"என்னய்யா, மூஞ்சியே செத்துப்போயி போறான்?" என்றார் காயாரோகணம்.

"இருக்கட்டும்" என்றான் தமிழரசன். அன்று மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மாலதியைப் பார்க்கப் போனான். எப்படியோ செய்தி அவளுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. அவள் மில்லிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். முந்தானையில் உமி ஒட்டியிருந்தது.

"அந்தாளு துப்பாக்கிய ஒங்கிட்டதான் குடுத்தானாமே அண்ணே?"

"ஆமா."

"கோளாறு ஒண்ணும் இல்லையா?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கணம் எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இந்த ஊரில் ஒரு வாயில் போட்டது சாயங்காலத்துக்குள் சூர்யபிரகாஷ் வீட்டு வாசலுக்குப் போய்விடும். அவன் தூங்கிவிடுவான்.

"இல்ல" என்றான்.

அவள் கீழே உட்கார்ந்தாள். முந்தானையிலிருந்து உமியை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள்.

"நீங்கள்லாம் கொலைகாரன் கொலைகாரன்னு சொல்லும்போது நானும் ஆமா ஆமான்னுதான் தலையாட்டுவேன்" என்றாள். "ஆனா படுக்கும்போது அப்படி நெனைக்கிறது இல்ல. பனியில தெரியாம பட்டிருக்கும்னு நெனச்சுக்குவேன். குறி வெச்சுச் சுட்டான்னு நெனச்சா, அவரு அந்த நேரத்துல அவன் மூஞ்சியப் பாத்திருப்பாரோன்னு இருக்கும். தெரியாம பட்டதுன்னா ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல? அதுல கொஞ்சம் தூங்குவேன்."

வெளியே எங்கோ அறுவடை இயந்திரம் திரும்பும் சத்தம் கேட்டது. அண்ணன் ஏதாவது சொல்வான் என்று அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லாப் பாத்தியாண்ணே?"

"நல்லாப் பாத்தேன்" என்றான் தமிழரசன்.

அவள் விளக்கைப் போட எழவில்லை. அவனும் போடச் சொல்லவில்லை.