இடுப்புக்கு இறங்கிய மாலை

எங்கள் கடலோர ஊர் பர்குனாவில் காமாலைக்கு மாலை கட்டுகிறவன் நான் ஒருவன்தான். உள்ளே பொந்தான செடித் தண்டைத் துண்டுதுண்டாக நறுக்கி, நூலில் கோத்து, நோயாளியின் உச்சந்தலையில் வைப்பேன். நாளாக நாளாக மாலை நீண்டு கழுத்துக்கும் மார்புக்கும் இறங்கும். காலில் விழுந்தால் நோயும் விழுந்தது என்று கணக்கு. ஒருமுறை நான் கட்டிய மாலை காலில் விழுந்தும் நிற்காமல், விஷ்காளி ஆற்றைக் கடந்து, அக்கரையில் யாரென்றே தெரியாத ஒருவனைக் குணப்படுத்திவிட்டுத் திரும்பியது. படகுக்காரன் மாலைக்கும் ஒரு டிக்கெட் கேட்டான். இதையெல்லாம் ஊர் நம்பியது. நான் உண்மை சொன்ன அன்றைக்குத்தான் யாரும் நம்பவில்லை.

இந்த மழைக்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் டெங்குவில் கிடக்கிறார். இங்கே நிலத்தடித் தண்ணீரெல்லாம் உப்பு; குடிக்க மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைப்போம். கொசுவுக்கும் அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். வலை பின்னும் மொக்லேஸுக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஏறும்போதெல்லாம் இரண்டு காய்ச்சல் மாத்திரை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டுகூடப் போட்டிருக்கிறான். ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்தது. டெங்கு போய்விட்டது என்று அவன் மனைவி மொர்ஜினா அக்கம்பக்கத்துக்குப் பாயசம் கொடுத்தாள். மறுநாள் அவன் கண் மஞ்சளானது. டெங்கு வேறு, காமாலை வேறு என்று நினைத்து என்னைக் கூப்பிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாலை வைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்ததால், மனசு தேறட்டுமே என்று முடிச்சைத் தளர்த்தியே போட்டேன்.

அடுத்த நாள் காலையில் போனால் மாலை மார்பு வரை வந்திருந்தது. அதைப் பார்க்க வாசலில் ஆறேழு பேர். மொர்ஜினா பூரித்துப்போயிருந்தாள். மொக்லேஸ் மட்டும் கூரையைப் பார்த்துக் கிடந்தான். செத்துப்போன தன் அண்ணன் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டு, படகை ஏன் கட்டவில்லை என்று கேட்டான். பல்லோரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. கையில் கடுகு தெளித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். வலது விலாவுக்குக் கீழே தொட்டதும் துடித்தான். ஈரல் வீங்கி இரண்டு விரல் கீழே வந்திருந்தது.

என்னிடம் வரும் காமாலையில் பத்துக்கு ஒன்பது தானாகவே போய்விடும், பேர் மாலைக்கு. பத்தாவது போகும்போது ஆளையும் கூட்டிக்கொண்டு போகும்.

மொர்ஜினாவிடம் சொன்னேன். டெங்கு போகவில்லை, ஈரலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அத்தனை மாத்திரையும் சேர்ந்து அதை அரிக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்றேன். அவள் சிரித்தாள்.

"நல்லா வெளையாடுறீங்க சாச்சா. காய்ச்சலே இல்லை. மாலை வேற இவ்ளோ வேகமா எறங்குது."

"தண்டு காஞ்சா சுருங்கும், முடிச்சு தளரும், மாலை நீளும். அவ்ளோதான். உங்க வீட்டுப் பீப்பாய்க்குப் போட்டாலும் எறங்கும்."

"ஆத்தையே தாண்டுன மாலை, பீப்பாய்ல எறங்காதா?"

வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்கள் கண்முன்னே நூலைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். மாலை வழுக்கிக்கொண்டு இடுப்புக்கு வந்தது. சுப்ஹானல்லாஹ் என்றார்கள். ஒருவர் என் கையைப் பிடித்து முத்தமிட்டார்.

அப்போது மொக்லேஸ் வாந்தி எடுத்தான். கொதித்த தேயிலைத்தூள் மாதிரிக் கறுப்பாக இருந்தது. அதைப் பார்த்தும், நோய்தான் வெளியே வருகிறது என்றார் கையை முத்தமிட்டவர்.

பாதியில் மாலை அறுந்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நடுவில் யாரும் வேறு வைத்தியத்துக்குப் போய்விடக் கூடாதே என்று அதைக் கிளப்பிவிட்டதும் நான்தான். பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து மாலையை வெட்டினேன்.

தண்டுகள் தரையில் உருண்டன. மொர்ஜினா என் சட்டையைப் பிடித்து, "கொன்னுட்டீங்களே" என்றாள், மெதுவாக. பிறகு ஓடிப்போய் வண்டி கூட்டிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டிலெல்லாம் நிரம்பி, நடையில் பாய்போட்டுக் கிடத்தினோம். இரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, ஈரல் மோசமாகக் கெட்டிருக்கிறது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்லமுடியும் என்றார். இன்னும் அரை நாள் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை.

இன்றைக்கு இரண்டாம் நாள். மொக்லேஸ் இன்னும் கண் திறந்து சரியாகப் பார்க்கவில்லை. மொர்ஜினா காலையில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவரு செத்தா நீங்கதான் கொன்னீங்கன்னு ஊர்பூரா சொல்லுவேன் சாச்சா."

சொல்லு என்றேன். பிழைத்தால் என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"மாலைதான் காப்பாத்துச்சுன்னு சொல்லுவேன்."

முதலாவதுக்கு நான் பயப்படவில்லை. வீட்டிலிருந்து மகள் ஃபோன் செய்தாள். மாலைக்காக நான்கு பேர் வந்து காத்திருக்கிறார்களாம், நான்கு பேருக்கும் கண் மஞ்சளாம். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லோருக்கும் நேற்றே விட்டுவிட்டது என்றாள். மாலையெல்லாம் பொய், உடனே அவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றேன்.

மகள் சிரித்தாள்.