வெர்னா நிறுத்திய பந்து

ஐயோவாவில் ஹாலோ ஃபோர்க் ஊர் பேஸ்பால் மைதானத்தில், ஒரு ஜூலை ஞாயிறு மாலை, கார்வில் அணியின் மட்டையாளர் உயரத் தூக்கி அடித்த பந்து கீழே வரும் வழியில் காற்றிலேயே நின்றுவிட்டது. அந்த வாரம் சோளம் நல்ல விலைக்குப் போயிருந்தது.

நிறுத்தியவள் வெர்னா டோலெஃப்சன். உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுப்பவள். "என்னம்மா இது, பந்துக்கு வால் முளைச்சிருக்கு?" என்று கலங்கிப்போன படங்களைக் காட்டி ஆசிரியர் வாராவாரம் கேலி செய்ததில் ரோஷம் வந்து, கண் இமைப்பதற்குள் கற்றையாய்ப் படம் பிடிக்கும் கேமராவும், அடுப்புப் புகைக்குழாய் நீளத்துக்கு ஒரு லென்ஸும் வாங்கியிருந்தாள். அன்றுதான் அதன் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிப் பொத்தானை அழுத்தினாள். பந்து நின்றது.

நிற்கக் கூடாத நேரம் அது. ஹாலோ ஃபோர்க் கார்வில்லை ஜெயித்ததாக உயிரோடிருக்கும் யாருக்கும் ஞாபகமில்லை. அன்று ஒரு ரன் முன்னிலை. இன்னும் ஒரே ஒரு அவுட் போதும். ஆனால் கார்வில்லின் ஓட்டக்காரர்கள் இருவரும் அதற்குள் ஓடி முடித்துவிட்டார்கள். பந்தைப் பிடித்தால் கோப்பை நமக்கு, தரையில் விழுந்தால் அந்த இரண்டு ரன்னும் சேர்ந்து அவர்களுக்கு. அடியில் கையுறையை விரித்து நின்றவன் ஓரின் பெக். எத்தனை எம்பியும் ஒரு சாண் எட்டவில்லை. யாரோ ஏணி கொண்டுவந்தார்கள்.

"ஏணி வச்சுப் பிடிச்சா அதுக்குப் பேரு கேட்ச் இல்லப்பா, ஆப்பிள் பறிக்கிறது," என்றார் நடுவர் கஸ் ப்ரூயிட். "பந்து காத்துல இருக்கு. ஆட்டம் முடியல. அவ்வளவுதான்."

வெர்னா லென்ஸைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து ஓடிவந்தாள்.

"சத்தியமா விரலை எடுத்துட்டேன் ஓரின்!"

"அது கெடக்கட்டும். படம் எப்படி வந்திருக்கு?"

காட்டினாள். பந்தின் ஒவ்வொரு தையலும் தெரிந்தது.

"ஐயையோ, நான் வாயைப் பொளந்துக்கிட்டுல்ல நிக்கிறேன்!"

"பரவால்ல. பல்லு நல்லாத்தான் இருக்கு."

ஓரின் வீட்டுக்குப் போகவில்லை. போன நேரத்தில் விழுந்துவிட்டால்? அங்கேயே கூடாரம் அடித்து, ஊராரின் ரேடியோக்களைப் பழுது பார்த்தான். கார்வில்காரர்கள் கண்காணிக்க ட்வைட் என்ற ஆளை அனுப்பினார்கள். நாலாம் நாளே அவன் ஓரினோடு சீட்டாட உட்கார்ந்துவிட்டான். பனிக்காலத்தில் பந்து வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டது; வசந்தத்தில் ஒரு குருவி அதன்மேல் உட்கார்ந்து பார்த்து, வழுக்குகிறதென்று போய்விட்டது. சூடான சூப்போடு தினமும் வந்த வெர்னா ஒரு நாள் திரும்பிப் போகவில்லை. கல்யாணம் பந்துக்கு அடியிலேயே நடந்தது. ஓரின் கையுறையைக் கழற்ற மறுத்ததால், மோதிரத்தைத் தோல் விரலின் மேலேயே மாட்டினார்கள். மாப்பிள்ளைத் தோழன் ட்வைட்.

டெல்லா பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் தோளில் ஏறி நின்றவள் எம்பிப் பந்தைப் பறித்துவிட்டாள்.

"அப்பா, இது கனமே இல்லப்பா!"

ஓரின் அவளை இறக்கிவிட்டு, பந்து இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தான். கோப்பைக்காக அல்ல, நாளையிலிருந்து எங்கே நிற்பது என்று தெரியாமல். வெர்னா அவன் கையுறையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரண்டு ஊரும் திரண்டன. பிடித்ததுதான் என்றது ஹாலோ ஃபோர்க். பிடித்தவள் அணியிலேயே இல்லை என்றது கார்வில். ஓய்வு பெற்றிருந்த கஸ் ப்ரூயிட்டைச் சர்ச் உடுப்போடு அப்படியே தூக்கிவந்தார்கள்.

அவர் டெல்லாவை மேலும் கீழும் பார்த்தார். "பார்வையாளர் குறுக்கீடு. குறுக்கிடாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்குமோ, அதுதான் தீர்ப்பு."

"என்ன ஆகியிருக்கும்?" என்று கூட்டம் கத்தியது.

"தொங்கிக்கிட்டேதான் இருந்திருக்கும். ஏ குட்டி, எடுத்த எடத்துல வை."

டெல்லா மறுபடி தோளில் ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, இடம் பார்த்து வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். பந்து நின்றது.

"கொஞ்சம் இடது பக்கம்," என்றான் ட்வைட். அவள் நகர்த்தி வைத்தாள். நியாயம்தான் என்று கார்வில்காரர்களும் ஒப்புக்கொண்டு, ஆளுக்கொரு துண்டு செர்ரிப் பழ அப்பம் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்வதற்குள் வண்டியைக் கிளப்பினார்கள்.